பன்னிரண்டு லிட்டர்

அவள் வேலை செய்யும் அறையில் கார்கள் நாள் முழுக்க ஓடும். இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகராது. தரையில் பதித்த இரும்பு உருளைகளின்மேல் சக்கரங்களை ஏற்றி, முன்னும் பின்னும் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள். ஆளுயர விசிறி ஒன்று எதிரே நின்று, சாலையில் போகிற வண்டிக்கு அடிக்கிற எதிர்க்காற்றை அடித்துக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவளுக்கு முன்னால் ஒரு திரை. அதில் இரண்டு கோடுகள் ஏறியும் இறங்கியும் வந்துகொண்டே இருக்கும். வண்டியின் வேகம் அந்த இரண்டுக்கும் இடையிலேயே போகவேண்டும். மேல் கோட்டை ஒட்டிப் போனால் பெட்ரோல் கூடக் குடிக்கும். கீழ்க் கோட்டைத் தாண்டிவிட்டால் சோதனையே செல்லாது. கீழ்க் கோட்டுக்கு மேலே தலைமயிர் கனம் இடம் விட்டு, அரைமணி நேரம் பிசகாமல் ஓட்டத் தெரிந்தவள் அந்தக் கம்பெனியில் அவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வருஷமாக அவளை எல்லோரும் பஞ்சுக்கால் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் இருக்கிற பேர் அவளுக்கே சில சமயம் அந்நியமாகத் தோன்றும்.

புகைக்குழாயின் வாயில் மாட்டிய பைகளில் புகை சேரும். அந்தப் புகையை அளந்து, வண்டி எத்தனை பெட்ரோல் குடித்தது என்று கண்டுபிடிப்பார்கள். அதிலிருந்து வருகிற எண்தான், விற்பனைக்கு நிற்கிற ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஒட்டுகிற சீட்டில் அச்சாகும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பெரிய எழுத்தில், கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கரியமிலவாயு என்று சின்ன எழுத்தில். வாங்க வருகிறவர்கள் பெரிய எழுத்தைப் படித்துவிட்டுச் சட்டைப்பையைத் தடவிக்கொள்வார்கள். கொஞ்சம் படித்தவர்கள் சின்ன எழுத்தையும் படித்துவிட்டு, பூமிக்கும் ஏதோ நல்லது செய்கிறோம் என்ற திருப்தியோடு சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த அறைக்குள் வருஷம் முழுக்க இருபத்தைந்து டிகிரி. முந்தின நாளே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அந்தச் சூட்டுக்குப் பழக்குவார்கள். வண்டியின் ஏசி அணைந்திருக்கும். ஜன்னல்கள் ஏற்றியிருக்கும். மேடு கிடையாது, நெரிசல் கிடையாது, மழை கிடையாது, குறுக்கே பாய்கிற நாய் கிடையாது. எல்லாம் விதிப்படிதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வெளியே வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. அந்த அறைக்கு மட்டும் அது தெரியாது.

சோதனைக்கூடத்தின் மேலாளருக்குத் தசமம் என்று பேர். புள்ளிக்குப் பின்னால் வருகிற ஒற்றை எண்ணுக்காக உயிரை விடுகிற மனிதர். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "இன்னும் ஒரு தசமம் தேறுமாம்மா?" என்று கேட்பார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மறுபடி ஏறி உட்காருவாள். பெரும்பாலும் தேறும்.

இப்படியொரு காலை வைத்திருந்தவளுக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. வீட்டுக்குப் போவது பஸ்ஸில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி அண்ணன் வீடு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். அண்ணன் ஏசி மெக்கானிக். மாடி மாடியாய் ஏறி, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு, மற்றவர்கள் வீட்டைக் குளிர வைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வருவான். அவளைவிட எட்டு வயது மூத்தவன். ஐம்பது வயதைத் தொடப்போகிறவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டான்.

சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் அவள்மேல் ஒரே புகார். சீட்டில் இருபத்துநாலு என்று போட்டிருக்கிறது, எங்களுக்குப் பதினாறுகூடக் கொடுக்கவில்லை, உன் கம்பெனி சரியான பித்தலாட்டக் கம்பெனி என்பார்கள். அவளும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. உங்க கால்தான் கனம்."

அது குடும்பத்தில் வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது தட்டைக் கீழே போட்டால், கதவைப் படாரென்று சாத்தினால், படியில் தடதடவென்று இறங்கினால், கால் கனம், கை கனம் என்று சிரிப்பார்கள். அதிகம் சிரித்தவள் அண்ணிதான். அண்ணிக்கு நுரையீரலில் பழைய வியாதி. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்செடுக்கவேண்டும். ஆனாலும் அந்த வீட்டில் அவள் பேச்சுதான் அதிகம். கொஞ்சம் ஓய்வு கொடேன் என்று அண்ணன் சொன்னால், மூச்சு எடுக்கும்போது ஓய்வுதானே எடுக்கிறேன் என்பாள். முன் இருக்கையின் பெல்ட் நெஞ்சை அழுத்துகிறது என்று காரில் எப்போதும் பின்னால்தான் உட்காருவாள், ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு. அங்கிருந்தே அண்ணனுக்கு வழி சொல்லுவாள். "இங்க பாருங்க, நாத்தனார் கால் பட்ட வண்டி இது. நீங்க ஓட்டி அவ மானத்தை வாங்காதீங்க."

அண்ணன் அந்த வண்டியை வாங்கியதும் இந்தப் பஞ்சுக்காலால்தான். சீட்டில் இருபத்துநாலு போட்டிருந்த மாடல். அந்த இருபத்துநாலு, அவள் வெறுங்காலால் வாங்கிக் கொடுத்தது. கடைசியில் ஒரு தசமம் குறைந்தது என்று இரண்டு தடவை திருப்பி ஓட்டினாள்.

போன கோடையில் நடந்தது இது.

எங்கேயோ கடலில் இரண்டு நாடுகளுக்குச் சண்டை. எண்ணெய்க் கப்பல்கள் வரவில்லை. முதல் வாரம் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது, இரண்டாவது வாரம் வரிசையும் இல்லை, பங்குகளைக் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். மூன்றாவது வாரம் அந்த வெயில் வந்தது. நாற்பத்தாறு டிகிரி, தொடர்ந்து நாலு நாள். தார்ச்சாலையில் செருப்பு ஒட்டியது. எல்லோர் வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடியதில் இரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது, போனது போனதுதான். அதுவரை அண்ணனுக்கு நிற்க நேரமில்லை. ஊரெல்லாம் அவனைத்தான் கூப்பிட்டது. அதற்குப் பிறகு அவனால் யாருக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தன் வீட்டுக்கும்தான்.

அண்ணியைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அங்கே ஜெனரேட்டர் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் டீசல் தீர்ந்து அதுவும் நின்றது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் சாயங்காலம் ஆகும், வண்டி இருக்கிறவர்கள் தாங்களே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் கைகூப்பிச் சொன்னாராம். நோயாளிகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பெட்ரோலில் ஆளுக்குப் பத்து லிட்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தொட்டியில் ஏற்கெனவே இரண்டு லிட்டர் கிடந்தது.

அந்த நேரத்தில் அவள் சோதனைக்கூடத்தில் இருந்தாள். கம்பெனிக்குத் தனி மின்சாரம். புது மாடல் ஒன்றுக்கு எண் வாங்கவேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் வழக்கம்போல இருபத்தைந்து டிகிரி. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பாப்பா, வண்டியில பன்னிரண்டு லிட்டர் இருக்கு. இங்கேருந்து பெரிய ஆஸ்பத்திரி இருநூத்துப் பத்து கிலோமீட்டர். போய்ச் சேருமா?"

அவள் இருபத்துநாலைப் பன்னிரண்டால் பெருக்கினாள். இருநூற்று எண்பத்தெட்டு.

"தாராளமா சேரும்ணா."

"சரி, வெச்சுடறேன்."

என்னவோ சொல்ல வாயெடுத்து, அதற்குள் போன் நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த நிமிஷத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அண்ணிக்கு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. தசமம் கதவைத் திறந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு ஓட்டிய ஓட்டம்தான் அந்த வருஷத்திலேயே நல்ல ஓட்டம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். ஓட்டம் பாதி ஆனபிறகுதான், நெடுஞ்சாலையில் ஊரே மிச்சமிருக்கிற பெட்ரோலோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கும், நாற்பத்தாறு டிகிரி, ஏசி, என்று ஒவ்வொன்றாய் மனசில் வந்து விழுந்தது. கால் மட்டும் அதன் பாட்டுக்குக் கீழ்க் கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. முடிந்து இறங்கிப் போன் போட்டபோது அண்ணன் எடுக்கவில்லை.

வண்டி நூற்று அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாற்பத்தெட்டு. சாலையோரம் ஒரு இரும்புத் தடுப்பு, அதற்கப்பால் வெறும் பொட்டல். முன்னாலும் பின்னாலும் தீர்ந்துபோன வண்டிகள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அண்ணிக்கு அது தேவைப்படவில்லை.

சாவு வீட்டில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். இந்தக் கம்பெனிக்காரன் போடுகிற எண்ணை நம்பி எத்தனை பேர் நடுத்தெருவில் நின்றார்கள் தெரியுமா என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலையைத் தூக்கினான். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அது.

"எண்ணைக் குத்தம் சொல்லாதீங்க. அது என் தங்கச்சி ஓட்டிப் போட்ட எண்ணு. நான்தான் ஏசியைப் போட்டுத் தொலைச்சேன். என் கால்தான் கனம்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கையில் யாருக்கோ கொண்டுபோன தண்ணீர்த் தம்ளர் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் போய்ச் சமைத்து வைத்தாள். அவன் சாப்பிட்டான். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். கேட்டால், சுரத்தில்லாமல் ஒரே பேச்சு வரும்: கம்ப்ரசர் எவ்வளவு இழுக்கும்னு எனக்குத் தெரியாதா பாப்பா, முப்பது வருஷமா அதைத்தானே பிரிச்சுப் போடறேன் என்பான். ஒவ்வொரு தடவையும் அவள் நாக்கு நுனிவரை வரும், அண்ணா, ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் அன்றைக்கு அந்த வண்டி போய்ச் சேர்ந்திருக்காது என்று. ஒவ்வொரு தடவையும், இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டுக்கோ என்றுதான் வெளியே வரும். சொன்னால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. அப்புறம் ஏன் தாராளமா என்று சொன்னாய்?

குளிர்காலம் வந்தது. பங்குகளில் கயிறை அவிழ்த்தார்கள். கப்பல்கள் வந்தன. சண்டை நின்றதா, வேறெங்காவது போனதா என்று யாரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்காமல் பெட்ரோல் கிடைத்ததும் ஊருக்கு எல்லாம் மறந்துபோனது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். எட்டு மாதத்தில் அவனாக வந்தது அதுதான் முதல் தடவை. கையில் அளவுக் கோடு போட்ட ஒரு வெள்ளைக் கேன்.

வண்டித் தொட்டியைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டதாகச் சொன்னான். கேனில் பன்னிரண்டு லிட்டர் அளந்து ஊற்றியிருக்கிறானாம். நாளைக் காலையில் அவள் அந்த வண்டியை அதே வழியில் ஓட்டவேண்டும். ஏசி போடாமல்.

"எதுக்குண்ணா?"

"உன் காலால ஓட்டினா போய்ச் சேருதான்னு பார்க்கணும். சேர்ந்துட்டா, நான் போட்டதாலதான் அவ போனான்னு ஆயிடும்."

"ஆயிட்டா?"

"ஆயிட்டா ஒண்ணுமில்ல. தெரிஞ்சா போதும். இப்ப தெரியாம இருக்குறது இருக்கே, அதுதான் தூங்க விடல."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் வேறொன்று யோசித்தாள். வண்டியைச் சேரவிடாமல் செய்துவிட்டால்? இருபத்திரண்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த கால், ஒரு நாளைக்கு வீணாக்கட்டுமே. நூற்று அறுபதுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டால் அண்ணன் தலையிலிருந்து பாரம் இறங்கும். அவளும் வாயைத் திறக்கவேண்டியதில்லை. வருகிறேன் என்றாள்.

காலை ஆறு மணிக்கு மூச்சு புகையாய்த் தெரியும் குளிர். அண்ணன் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு நின்றான், கோர்ட்டுக்குப் போகிறவன்போல. பின் இருக்கையில் அண்ணியின் தலையணை அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஊர் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள். நாலாவது கியரிலேயே வைத்துக்கொண்டு முடுக்கினாள். தேவையில்லாமல் பிரேக் போட்டு, மறுபடி ஏற்றினாள். செருப்பைக் கழற்றாமலே ஓட்டினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளங்கால் கூசியது, சோற்றை எடுத்துக் குப்பையில் கொட்டுகிற மாதிரி. பெட்ரோல் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போனாள். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சாவது போடு பாப்பா," என்றான் ஒருமுறை.

போட்டாள். ஒரு வளைவில் மறுபடி நாலுக்கு இறக்கினாள், இறக்கியதை ஏற்றவில்லை.

எழுபதாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை. நிறுத்தச் சொன்னான். டீயை வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, தன் தம்ளரை வண்டியின் மூக்கின்மேல் வைத்தான்.

"மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான் முப்பது வருஷமாச் சாப்பிடறேன். இது உன் ஓட்டு இல்ல."

அவள் டீயை ஊதினாள்.

"என்னை ஏமாத்தி எனக்கு என்ன பண்ணப்போறே? நல்லா ஓட்டு. இல்லேன்னா திரும்பிப் போய் மறுபடி பன்னிரண்டு அளந்து ஊத்துவேன். அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன். அதுக்கடுத்த ஞாயிறும்."

கூப்பிடுவான். சின்ன வயசிலேயே அப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அவள் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டாள்.

அதற்கப்புறம் அவள் ஓட்டவில்லை, கால்தான் ஓட்டியது. எவ்வளவு முயன்றும் அதற்கு மேல் அதைக் கனக்க வைக்க அவளால் முடியவில்லை. சாலை காலியாக இருந்தது. பனி விலகி மெல்லிய வெயில் வந்தது. வண்டி தண்ணீரில் விட்ட ஓடம்போலப் போனது. தூரத்தில் ஒரு லாரி தெரிந்தால் அங்கிருந்தே காலை எடுத்துவிடுவாள். பக்கத்தில் போவதற்குள் லாரி தானே விலகிப் போயிருக்கும். பிரேக்கைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. முள் அசையாமல் நின்றது. அது அசையாமல் நிற்க நிற்க அண்ணன் முகம் இறுகிக்கொண்டே வந்தது. நூற்று இருபது. நூற்று நாற்பது. அவன் கைகளை மடியில் கோத்துக்கொண்டான்.

நூற்று அறுபத்திரண்டில் அந்த இரும்புத் தடுப்பு வந்தது. யாரும் சொல்லாமலே அவள் ஓரம் கட்டினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"மூணு லிட்டருக்கு மேல இருக்கு," என்றான் அண்ணன். "முதல் எழுபது கிலோமீட்டரை நீ பாழாக்கியும் இருக்கு. இன்னும் நாப்பத்தெட்டுதான். சேர்ந்துடும்."

"அண்ணா..."

"சேர்ந்திருக்கும் பாப்பா. நான் போடாம இருந்திருந்தா சேர்ந்திருக்கும்." தீர்ப்பை நின்றுகொண்டு கேட்கிற மனிதனின் நிதானம் அவன் குரலில் இருந்தது. அழுதிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"சேர்ந்திருக்காது," என்றாள். "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. அந்த எண்ணு இருபத்தைஞ்சு டிகிரியில வாங்கின எண்ணு. ரோடே கிடையாது அங்க. ஏசி கிடையாது. நெரிசல் கிடையாது. இன்னிக்கு மாதிரி ஒரு நாள்ல, காலி ரோட்டுல, என்னை மாதிரி ஒருத்தி ஓட்டினா வரும். அன்னிக்கு யார் ஓட்டியிருந்தாலும் வராது. நானே ஓட்டியிருந்தாலும் வராது. நாப்பத்தாறு டிகிரில, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நின்னு நின்னு, வராதுண்ணா. நீ ஏசி போட்டதால இல்ல. போடாம இருந்திருந்தா இன்னும் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி நின்னிருக்கும், அவ்வளவுதான். உன் கால் ஒண்ணும் கனமில்ல."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"உனக்கு அது அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தாராளமான்னு சொன்னியே."

"சொன்னேன்." எட்டு மாதமாக நாக்கு நுனியில் நின்றதைச் சொல்லி முடித்தாள். "நீ கேட்டதும் பெருக்கிச் சொன்னேன். யோசிக்கல. வேலை செய்யற இடத்துல எல்லாரும் அதைத்தான் சொல்லுவோம், அதையே சொன்னேன். அவளைப் பத்திகூட நினைக்கல. இதுதான் நடந்தது."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை. அடித்தாலும் தேவலை. பாரத்தை அவனிடமிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டோம், இனி அவன் தூங்குவான் என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு மூலையில் லேசாகக்கூட இருந்தது.

அண்ணன் முன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கேட்டான்.

"அப்ப நான் ஏசி போட்டதுல ஒண்ணும் தப்பில்ல."

"இல்லண்ணா."

"ரெண்டு தடவை அணைச்சேன் பாப்பா."

அவளுக்குப் புரியவில்லை.

"யார்கிட்டயும் இதைச் சொல்லல. போட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டு தடவை அணைச்சேன். முள்ளு இறங்கறதைப் பார்த்துட்டு, தொண்ணூறாவது கிலோமீட்டர்ல ஒருதரம். அவ பின்னாலேருந்து, இங்க பாருங்க, கொஞ்சம் போடுங்களேன்னா. நான்தான், தங்கச்சி சொல்லிட்டா, அணைச்சு வெச்சா சேர்ந்துடும், கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன். அரைமணி நேரம் பொறுத்துக்கிட்டா. அப்புறம் மூச்சு சரியா வரலைன்னு போட்டேன். மறுபடி அணைச்சேன். மறுபடி கேட்டா." அவன் விரலால் டேஷ்போர்டில் ஒரு தூசியைத் துடைத்தான். "மூணாவது தடவை கேட்கல. நாத்தனார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் பேசவே இல்ல. பேசாம இருக்காளேன்னு பயந்துதான் கடைசியா போட்டேன்."

அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த எண்ணு சரின்னு இருந்தவரைக்கும், அணைச்சதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு," என்றான் அண்ணன். கோபமே இல்லாமல் சொன்னான். "அவளைச் சேர்க்கத்தான் அணைச்சேன், போட்டதுதான் தப்புன்னு வெச்சிருந்தேன். இப்ப போட்டது தப்பில்லைங்கறே. சரி. அப்ப அவ கேட்டும் நான் எதுக்கு அணைச்சேன்?"

எட்டு மாதமாக அவன் தூக்கிக்கொண்டு திரிந்தது பாரம் என்று நினைத்திருந்தாள். அது அவன் சாய்ந்துகொண்டிருந்த சுவர். அதைத்தான் இடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. வண்டி லேசாகக் குலுங்கியது. எஞ்சின் சத்தம் கேட்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல எஞ்சின். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"ஆஸ்பத்திரிவரைக்கும் போகணுமாண்ணா?"

"அங்க என்ன இருக்கு?"

"திரும்பிடலாமா?"

அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பிறகு சொன்னான்:

"ஏசியைப் போடு."

வெளியே ஆட்கள் கம்பளிச் சட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அவனைப் பார்த்தாள். அவள் பொத்தானை அழுத்தினாள். கம்ப்ரசர் பிடித்துக்கொண்ட சத்தம் வந்தது. எஞ்சின் ஒருமுறை முக்கி, பிறகு சமாளித்துக்கொண்டது.

"முழுசா வை."

முழுசாக வைத்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் வந்து அடித்தது. வெறுங்கால் விறைத்தது. செருப்பு பின்னால் கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

"தீர்ற வரைக்கும் ஓடட்டும்," என்றான்.

"மூணு மணி நேரம் ஆகும்ணா. அதுக்கப்புறம் எப்படிப் போறது?"

"பஸ் வரும்."

ஒரு சொட்டை வீணாக்க மனசு வராத அவள், நிற்கிற வண்டியில், குளிர்காலத்தில், மூன்று லிட்டரை எரிய விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கால் பெடலைத் தொடவில்லை. நாளைக்குத் தசமம் கதவைத் திறந்து தலையை நீட்டுவார். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன் கொஞ்ச நேரம் தொழில்காரனின் காதோடு கம்ப்ரசரைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி, நடுவிலிருந்த இரண்டு காற்று வாய்களையும் ஒவ்வொன்றாக, பின் இருக்கையைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தான். காற்று சரியாகப் போகிறதா என்று கையைப் பின்னால் விட்டுப் பார்த்தான்.

"பின் கண்ணாடி ஏத்தியிருக்கா பாரு," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தலையணை இருந்தது. அதன் உறையின் ஓரம் காற்றில் மெல்ல அசைந்தது.

"ஏத்தியிருக்குண்ணா."